வந்துட்டேன் வரி

கதவு மூடிவிட்டது, இனி வெளியே போக வேண்டுமானால் நான் எழுதியது சரியாக இருந்தாக வேண்டும், நல்ல இடத்தில்தான் வந்து நிற்கிறாய் வளர்மதி, காலையில் இரண்டு இட்லியோடு எழுந்திருக்கக் கூடாது, மாட்டிக்கொண்டால் எத்தனை நேரம் என்று யார் கண்டது. ரபீக் மேலே மெஷின் ரூமில் இருக்கிறான், செங்கோட்டுவேல் சார் வெளியே எங்கேயோ, நான் மட்டும் உள்ளே. எங்கள் கம்பெனி லிஃப்ட், எங்கள் கம்பெனிச் சோதனைக் கோபுரம், கோயம்புத்தூரில் சரவணம்பட்டியைத் தாண்டி வருகிறவர்கள் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொண்டு போகிற அந்த ஐந்து மாடி உயரக் கட்டடம், அதற்குள் ஏறி இறங்க ஒரு பெட்டி, பெட்டியை ஆட்டிவைக்க ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, போர்டுக்குள் என்னுடைய எறும்பு. எறும்பு என்பது நான் வைத்த பெயர். லிஃப்டுக்காகவே நான் எழுதிய இயங்குதளம், குட்டியூண்டு, ஆனால் தன் எடையைப் போலப் பல மடங்கு தூக்கும். இன்றைக்கு இந்தப் பெட்டி நடுவில் நின்றுபோனால் எறும்பை நசுக்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டிலிருந்து மூடி முத்திரை போட்ட கன்ட்ரோல் பெட்டி ஒன்றை வாங்கப்போகிறார்கள், உள்ளே என்ன ஓடுகிறதென்று யாரும் எட்டிப் பார்க்க முடியாத பெட்டி. நிற்காமல் போனால் ஈரோட்டில் பிரசவ ஆஸ்பத்திரிக்கு எறும்பு போகும். அவ்வளவுதான் விஷயம்.

முதல் மாடி. கதவு திறந்தது, மூடியது, பெட்டி கிளம்பப்போகிற அந்தக் கண்ணிமைப்பில் திறப்புப் பொத்தானை அமுக்கினேன், ஒரு மூச்சு இழுக்கிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு கதவு சாதுவாகத் திறந்து மறுபடி மூடிக்கொண்டது. அந்த ஒரு மூச்சு நான் வேண்டுமென்றே வைத்தது. தெரிந்தே வைத்ததற்கே இப்படி வியர்க்கிறது. வாக்கி-டாக்கியில் ரபீக், "அக்கா, ஒண்ணு ஆச்சு, நல்லாருக்கீங்கல்ல?" என்றான், என்னைவிட ஆறு மாதம்தான் சின்னவன், தாடியில் வெள்ளை விழுந்துவிட்டது, இருந்தாலும் அக்கா. நல்லாருக்கேன் போ என்றேன். எழுதினவங்கதான் ஏறோணும் என்பது இந்தக் கம்பெனியின் சட்டம். புது புரோகிராம் எதுவானாலும் முதல் சவாரி அதை எழுதினவருக்கு, நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். சட்டம் போட்டவர் செங்கோட்டுவேல் சார், எங்கள் தலைமை எஞ்சினியர், பாதி முதலாளி. ஆனால் அவர் லிஃப்டில் ஏறி யாரும் பார்த்ததில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறுவார். அவர் ஏறுகிறார் என்று ஆபீசே படியில் ஏறும். பார்க்க வருகிற வாடிக்கையாளர்கள் ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்துக்கொள்வார்கள். லிஃப்ட் செய்கிற கம்பெனியில் யாரும் லிஃப்டில் போகமாட்டோம், அல்வாக் கடைக்காரன் அல்வா தின்னாத கதை. ஏன் சார் ஏறமாட்டேங்கறீங்க என்று ஒரு தரம் கேட்டேன். "ஒருக்கா திருப்பூர்ல மாட்டிக்கிட்டனுங், போதுமுங்" என்றார்.

திருப்பூர், எங்கள் புரோகிராமில் இருக்கிற அந்த வந்துட்டேன் வரி அங்கேதான் பிறந்தது. ஒரு பனியன் கம்பெனியில் போட்ட லிஃப்ட், எறும்பு அப்போது கைக்குழந்தை, எறும்பு என்னுடையது, அதன்மேல் ஓடுகிற புரோகிராம்கள், வேலைகள் என்போம், கதவு வேலையும் பெட்டியை ஓட்டுகிற வேலையும் சார் எழுதியவை, எப்போதாவது ஒரு தரம் பெட்டி அப்படியே நின்றுவிடும், ஏன் என்று சொல்லாது. சார் உள்ளே மாட்டி, வெளியே வந்து, சட்டையைப் பிழிந்து போட்டுவிட்டு உட்கார்ந்தார். எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், கதவு வேலை தொடங்குகிற இடத்தில் ஒரு வரி, இந்த இடத்துக்கு வந்ததும் வந்துட்டேன் என்று வெளியே ஒரு சொல்லை அனுப்பு, அவ்வளவுதான். ஒயரில் ஒரு மடிக்கணினியைச் செருகிப் பார்த்தால் திரையில் வந்துட்டேன், வந்துட்டேன் என்று வரிசையாக விழும். அந்த வரியைப் போட்டதும் நின்றுபோவது நின்றுவிட்டது. எடுத்தால் வந்தது, போட்டால் போனது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா என்று யாரும் கேட்கவில்லை, பழம் விழாமல் இருக்கிறதே என்று காக்கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். வரிக்கு மேலே சார் தன் கையாலேயே எழுதினார், இதைத் தொடாதே. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் கழிப்பறை எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் அந்த வரியைக் காட்டுவோம். ஆயுத பூசையன்று போர்டுகளுக்கெல்லாம் சந்தனம் வைத்துவிட்டு, திரையில் அந்த வரியைத் திறந்து அதன்மேல் கண்ணாடியில் ஒரு பொட்டு வைப்போம். நானும் வைத்திருக்கிறேன், சிரித்துக்கொண்டேதான், ஆனால் வைத்தேன். மடிக்கணினியைச் செருக ஆளில்லாத எத்தனையோ ஊர்களில் லிஃப்டுகள் கதவைத் திறப்பதற்கு முன்னால் யாருக்கும் கேட்காமல் வந்துட்டேன், வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன, நினைத்தால் சிரிப்பு வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

இரண்டாவது மாடி, அமுக்கு, ஒரு மூச்சு, திறந்தது. இனி இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், இதே இடம், போன மாதம் இங்கேதான். பழைய போர்டு இப்போது யாரும் செய்வதில்லை, புது போர்டு வாங்கினோம், பல மடங்கு வேகம், அதே புரோகிராமை அப்படியே ஏற்றி நான்தான் ஏறினேன், சட்டம் சட்டம்தானே, இந்த இடத்தில் நின்றது. வந்துட்டேன் வரி உள்ளே இருந்தும் நின்றது. மின்விசிறி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, பொத்தான் எதற்கும் பதில் இல்லை. இரும்புச் சுவர் மெல்ல மெல்லப் பக்கத்தில் வருகிற மாதிரி, வரவில்லை என்று தெரியும், தெரிந்து என்ன செய்ய, மூக்கில் எண்ணெய் வாசனை, நாக்கில் செம்பு ருசி, விழாது மதி, பிரேக் பிடித்திருக்கிறது, விழாது, மூச்சு இருக்கிறது, அம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்க வேண்டும், பையனின் ஸ்கூல் ஷூ கிழிந்துவிட்டது, இதையெல்லாம் ஏன் இப்போது நினைக்கிறேன், எறும்பு செய்வதும் இதைத்தானே, ஒரே ஒரு ப்ராசஸர், ஆயிரம் வேலை, கொஞ்சம் இது, பாதியில் பிடித்து நிறுத்திக் கொஞ்சம் அது, ஒவ்வொரு வேலையும் உலகமே தனக்காகத்தான் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருக்கும். வெளியே சார் குரல் கேட்டது, "போர்டு செத்துப்போச்சுங், நாஞ் சொன்னனில்லீங்?" அப்போதுதான் பொத்தான்களுக்குக் கீழே அந்தப் பச்சைப் பொட்டைப் பார்த்தேன். எறும்பின் கடிகாரம் ஓடுகிற வரைக்கும் மின்னும்படி நானே வைத்த விளக்கு. மின்னிக்கொண்டிருந்தது, நிதானமாக, ஒன்றுமே நடக்காத மாதிரி. செத்தவனுக்கு நாடி அடிக்குமா. போர்டு சாகவில்லை, எறும்பும் சாகவில்லை. உள்ளே யாரோ இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாம் நின்றுபோனால் போர்டைத் தானாக அணைத்து மறுபடி போட ஒரு காவல் நாய் உண்டு, எங்கள் தொழிலில் அப்படித்தான் பெயர், நேரத்துக்கு ஒரு சைகை வராவிட்டால் குரைக்கும், அந்தச் சைகைதான் அதற்குச் சோறு, அதைப் போடுகிற வேலையைக் கடிகாரத்திடம் கொடுத்திருந்தோம், கடிகாரம் நன்றாக ஓடுகிறது, நாய் வயிறாரத் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறது, எதற்குக் குரைக்கும். அந்தப் பயத்துக்கு நடுவிலேயே எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, அதை ரபீக்கிடம் சொன்னால் பைத்தியம் என்பான். அவர்கள் மேலே மோட்டார்ச் சக்கரத்தைக் கையால் சுழற்றி என்னை இறக்கியபோது முகமெல்லாம் கண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மூன்று. அமுக்கு. மூச்சு. திறந்தது. ரபீக், "மூணு ஆச்சுக்கா, கலக்குங்க." இரண்டு பேர் யார் என்று பெருந்துறைக் கல்யாணத்தில்தான் பிடிபட்டது, பெரியம்மா பேத்தி கல்யாணம், பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், இலையில் வெறும் சோறு, சாம்பார் வரவில்லை. பார்த்தால் ஒருவன் வாளியைப் பிடித்துக்கொண்டு கரண்டிக்காக நிற்கிறான், இன்னொருவன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வாளிக்காக நிற்கிறான். வாளியைக் கொடுடா என்கிறான் இவன், கரண்டியைக் கொடுடா என்கிறான் அவன், இரண்டு பேருக்கும் ரோஷம், யாரும் விடவில்லை, வரிசை முழுக்க சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நான் எச்சில் கையோடு எழுந்துவிட்டேன். பக்கத்து இலை அம்மா, "ஏனம்மிணி, சாப்புடாம எந்திரிக்கறே?" என்றார். சாப்பாடு நல்லா இருக்குதுங்க என்றேன், வேறு என்ன சொல்ல. பெட்டி எங்கே இருக்கிறது என்ற கணக்கு ஒரு பூட்டுக்குள், அது வாளி. கதவு என்ன நிலையில் என்ற கணக்கு இன்னொரு பூட்டுக்குள், அது கரண்டி. ஒரு கணக்கை ஒருவர் திருத்தும்போது இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்றுதான் பூட்டே. பெட்டியை ஓட்டுகிற வேலை வாளியை எடுத்துவிட்டு, கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கக் கரண்டிக்குக் கை நீட்டும். கதவைத் திறக்கிற வேலை கரண்டியை எடுத்துவிட்டு, பெட்டி மாடிக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க வாளிக்குக் கை நீட்டும். இரண்டும் ஒரே கணத்தில் கிளம்பினால் போச்சு, உலகம் முடிகிற வரை நிற்கும், பெட்டிக்குள் இருக்கிறவன் வெறும் சோற்றைப் பிசைய வேண்டியதுதான். இதில் அந்த வரி என்ன செய்தது என்றால், கரண்டியை எடுக்க வந்தவனை வாசலில் நிறுத்தி, வந்துட்டேன்னு சத்தமாச் சொல்லுடா என்றது. பழைய போர்டில் அந்த ஒரு சொல் ஒயரில் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் மற்றவன் வாளி, கரண்டி இரண்டையும் எடுத்துப் பரிமாறி முடித்துவிடுவான். புது போர்டில் சொல் கண் இமைப்பதற்குள் போய்விடுகிறது. சாமிக்குச் சக்தி போய்விட்டது என்று நினைத்தார்கள், அது எந்தக் காலத்திலும் சாமி இல்லை, வாசலில் நின்று வழி மறித்த ஒரு ஆள், அவ்வளவுதான்.

திருத்தம் எத்தனை சின்னது என்று யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். யாராக இருந்தாலும் முதலில் வாளி, வாளி கையில் இருக்கிறவன்தான் கரண்டியைத் தொடலாம், வாளி கிடைக்காதவன் வெறுங்கையோடு காத்திருக்கட்டும். கதவு வேலையில் ஒரு வரியைக் கீழே இருந்து மேலே நகர்த்தினேன். பிறகு நாய்க்கு இனி கடிகாரம் சோறு போடக் கூடாது, ஓட்டுகிறவனும் கதவுக்காரனும் ஆளுக்குப் பாதி போட வேண்டும், ஒருவன் போடாவிட்டாலும் நாய் குரைக்கும். வந்துட்டேன் வரியை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு என் விரலைப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. சாரிடம் போய் நின்றேன். "ஓடற வண்டிய எதுக்குங் பிரிச்சுப் போடறீங்க?" என்றார். ஓடலீங்க சார், நின்னுதானே போச்சு என்றேன். "அது போர்டுங். நீங்க வரிய எடுத்துட்டு நூறு தடவ ஓட்டுங்க, நூத்தி ஒண்ணாவது தடவ பிரசவத்துக்குப் போற பொம்பள உள்ள இருந்தா என்னங் பண்ணுவீங்க?" கோபமாக வந்தது, ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது, அதுதான் எரிச்சல். நிற்காமல் ஓடியது என்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தமா, இல்லை, இன்னும் மோதவில்லை என்றுதான் அர்த்தம். திருப்பூரில் அந்த வரியை நம்பியதும் இப்படித்தானே. பல் தேய்க்கும்போது, ஷூ வாங்கும்போது, அம்மா மாத்திரையைச் சரிபாதியாக உடைக்கும்போது இதே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது, நிற்காததை எப்படி நிரூபிப்பது. கடைசியில் உறைத்தது. மோதலைத் தவிர்க்க வேண்டாம், மோத விடு. முதல் பூட்டை எடுத்த பிறகு இரண்டாவதை எடுப்பதற்கு முன்னால், இருக்கிறதிலேயே மோசமான அந்த இடத்தில், இரண்டு வேலைகளுக்கும் ஒரு மூச்சு நேரம் காத்திருப்பை வைத்தேன். சார் வாசலில் நிறுத்தியவனை நான் பந்தி நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். பூட்டுகளை எடுக்கிற பழைய வரிசையில் இந்தக் காத்திருப்போடு ஆளில்லாத பெட்டியை ஓட்டினால் முதல் அமுக்கிலேயே நின்றது, ஒவ்வொரு முறையும், பழைய போர்டிலும்கூட, வந்துட்டேன் வரியை வைத்துக்கொண்டும்கூட. புது வரிசையில் ஒரு தரமும் நிற்கவில்லை. இரண்டையும் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய வரிசையைத் தானே ஏற்றி ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார், நின்றது. "செரி, நாளைக்கு ஏறுங்க" என்றார்.

அந்த நாளைதான் இன்று. நான்காவது மாடியும் ஆயிற்று, கைக்குட்டை நனைந்துவிட்டது, பச்சைப் பொட்டு மின்னுகிறது, ஐந்தாவதுதான் கடைசி. பெட்டி ஏறுகிறது, கயிறு லேசாக முனகுகிறது, நின்றது. திறப்பை அமுக்கினேன். ஒரு மூச்சு. திறக்கவில்லை. இரண்டு மூச்சு. திறக்கவில்லை. நான் வைத்தது ஒன்றுதான், ஒன்றே ஒன்று, இது மூன்றாவது, மறுபடி நாக்கில் செம்பு, சுவர் நகர்கிறது, நகரவில்லை, எதை விட்டுவிட்டேன், மூன்றாவது பூட்டு ஒன்று இருக்கிறதா, விளக்குக்கு ஒன்று, மணிக்கு ஒன்று, அவற்றையும் பார்த்தேனே, பார்த்தேனா, நாய் ஏன் குரைக்கவில்லை, ஆமாம், நாய் ஏன் குரைக்கவில்லை, இந்த முறை நாய்க்குச் சோறு போடுவது கடிகாரம் இல்லை, அவர்கள் இரண்டு பேரும்தான், நாய் சும்மா இருக்கிறதென்றால் இரண்டு பேரும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், வேலை நடக்கிறது, யாரும் மாட்டவில்லை, இது முடிச்சு இல்லை, வரிசை, கதவுக்கு அப்பால் டக் டக்கென்று சத்தம், யாரோ வெளியே பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு மூச்சு, ஒருவன் பின்னால் ஒருவன் வாளிக்கு நிற்கிறார்கள், நிற்கட்டும், முறை வரும், என் எறும்பு யாரையும் விட்டுவிடாது, வரும், வா. கதவு திறந்தது.

வெளியே செங்கோட்டுவேல் சார், ஐந்து மாடியும் படியில் ஏறி வந்த மூச்சு வாங்க, பொத்தான்மேல் வைத்த கட்டைவிரலை இன்னும் எடுக்கவில்லை. அமுக்கி அமுக்கி நகம் வெளுத்துப்போயிருந்தது. "பட்டுனு பட்டுனு அமுக்கிட்டே இருந்தனுங், எப்படியும் நிக்கும்னு பாத்தேன்" என்றார். அவர் முகத்தில் தோற்ற களை இல்லை. "வந்துட்டேனுங்க சார்" என்றேன். வாக்கி-டாக்கியில் ரபீக் விசிலடித்தான், மெஷின் ரூமிலிருந்து அதே விசில் நேராகவும் கேட்டது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல, ஜெயித்துவிட்டேன், ஒரு பொட்டும் இல்லாமல் ஜெயித்துவிட்டேன். சார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், பச்சை விளக்கைப் பார்த்தார், பிறகு வாசலில் செருப்பைக் கழற்றப் போய், ஏதோ நினைத்தவராகச் சிரித்து, செருப்போடே வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். நான் தள்ளி நின்றுகொண்டேன். "எழுதினவங்கதானுங் ஏறோணும்? அந்த வரிய எழுதினவன் நானுங்" என்றார். கதவு மூடியது. கீழ்த்தளத்துக்கு அவரே அமுக்கினார், பெட்டி கிளம்பப்போகிற கண்ணிமைப்பில் திறப்பையும் அவரே அமுக்கினார். இன்னொரு கை கம்பியைப் பிடித்திருந்தது. ஒரு மூச்சு. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், நான் மூடவில்லை. கதவு திறந்து, மூடி, நாங்கள் இறங்கினோம், நான்கு, மூன்று, நான் மாட்டிக்கொண்ட இடம், இரண்டு, ஒன்று, பெட்டி தரையில் வந்து நின்றது. கதவு திறந்ததும் ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் படிக்கட்டின் கீழே கூடி நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். சார் கண்ணைத் திறந்தார். அவர்களைப் பார்த்து, சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "வந்துட்டமுங்" என்றார்.